நம் மேட்டுக்கு ஏன் எந்திரம் வரவில்லை?

(கிளாவரையில் பள்ளி, கல்லூரி மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



என்னைப் பேசக் கூப்பிட்ட தங்கை தொலைபேசியில் தலைப்பைச் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அக்கா, நம்ம ஊர்க் கம்பெனிகள் அமெரிக்கா வரைக்கும் போகுதே, புதுசு புதுசா எப்படிக் கண்டுபிடிக்கிறாங்க? அதைப் பற்றிப் பேசுங்க" என்றாள். கிளாவரையில் நின்றுகொண்டு கேட்கிற கேள்வியா இது? கொடைக்கானலிலிருந்து பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி என்று வந்தால் தார்ச்சாலை இங்கே முடிந்துவிடுகிறது. இதற்கு மேல் நடந்துதான் போக வேண்டும். நடந்தால் கேரளத்து வட்டவடை. சின்ன வயதில் எனக்குத் தெரிந்த ஒரே வெளிநாடு அதுதான்.

ஆனால் அவள் இன்னொன்றும் சொன்னாள். "எல்லாம் மூளைதான்னு கிளாஸ்ல சொல்றாங்கக்கா. நமக்கு அது வருமா?" அதைக் கேட்ட பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. இன்று அந்த இரண்டாவது கேள்விக்குத்தான் பதில் சொல்ல வந்திருக்கிறேன். முதல் கேள்வி வழியாகத்தான் அதற்குப் போக முடியும்.

மூளை, தகுதி, திறமை. நம் நாட்டுத் தொழில்நுட்ப நிறுவனங்கள் வெளிநாட்டில் வென்ற கதையை யார் சொன்னாலும் இந்த மூன்று சொல்லுக்குள் முடித்துவிடுகிறார்கள். நமக்குப் பக்கத்திலேயே இரண்டு கதைகள் இருக்கின்றன, அவற்றைப் பார்ப்போம்.

1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் ஒரு நிறுவனம் தொடங்கியது. இன்று அதன் பெயர் ஜோஹோ. தொலைத்தொடர்புக் கருவிகள் செய்கிற பெரிய நிறுவனங்களுக்கு, வலையமைப்பைக் கண்காணிக்கும் மென்பொருளைச் செய்து விற்றார்கள். 2001இல் இணைய வணிகக் குமிழி உடைந்தது. வாங்கிக்கொண்டிருந்த நிறுவனங்களில் பெரும்பாலானவை காணாமல் போயின, அல்லது வாங்குவதை நிறுத்தின. அந்த அடியில்தான் பெரிய முதலாளிகளை மட்டும் நம்பியிருந்தவர்கள், சிறு நடுத்தர நிறுவனங்களின் கணினிப் பிரிவுகளுக்கு நேரடியாக விற்க மேனேஜ்எஞ்சின் என்ற பிரிவைத் தொடங்கினார்கள். 2005இல் இணையத்தில் இயங்கும் ஜோஹோ வந்தது. சரக்கை வாங்கிக்கொண்டிருந்தவர் 'இனி வேண்டாம்' என்று கையை விரித்ததால் பிறந்த புதுமை அது. யாருடைய தலையிலும் ஆப்பிள் விழவில்லை.

அதே காலத்தில் அவர்கள் இன்னொன்றும் செய்தார்கள். பொறியியல் பட்டம் கேட்காமல், பிளஸ் டூ, பட்டயப் படிப்பு முடித்த பிள்ளைகளை ஊக்கத்தொகை கொடுத்துச் சேர்த்து, தாங்களே நிரல் எழுதக் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு சில மாணவர்களோடு தொடங்கிய அந்தப் பள்ளியிலிருந்து வந்தவர்கள் இன்று அங்கே பொறியாளர்களாக இருக்கிறார்கள். அதன் நிறுவனர் ஸ்ரீதர் வேம்புவின் அரசியலோடு எனக்குக் கொஞ்சமும் உடன்பாடில்லை, அதை இந்த மேடையில் மறைக்கவும் போவதில்லை. ஆனால் ஐ.ஐ.டி.யில் படித்து பிரின்ஸ்டனில் முனைவர் பட்டம் பெற்ற ஒருவரே, நல்ல மென்பொருள் செய்ய அந்தக் கல்லூரி முத்திரை தேவையில்லை என்று தன் நிறுவனத்தில் காட்டியிருக்கிறார். தகுதிவாதிகள் அவரை மேற்கோள் காட்டும்போது இந்தப் பகுதியை மட்டும் விழுங்கிவிடுகிறார்கள்.

இரண்டாவது, திருச்சிக்காரர் கிரீஷ் மாத்ருபூதம் தொடங்கிய பிரெஷ்வொர்க்ஸ். ஜோஹோவில் வேலை பார்த்தவர். அமெரிக்காவிலிருந்து வீட்டுச் சாமானைக் கப்பலில் அனுப்பினார், தொலைக்காட்சிப் பெட்டி உடைந்து வந்தது. இழப்பீட்டுக்கு அலைந்தார், யாரும் கண்டுகொள்ளவில்லை. இணையத்தில் பலரும் பார்க்கிற இடத்தில் குறையை எழுதிப் போட்ட பிறகுதான் பணம் வந்தது. 2010இல், வாடிக்கையாளர் குறைகேட்பு மென்பொருள் விற்கும் ஒரு வெளிநாட்டு நிறுவனம் விலையைத் தடாலடியாக ஏற்றியது. வாங்கியவர்கள் இணையத்தில் கொதித்துக்கொண்டிருந்ததை அவர் படித்தார். அங்கேதான் பிரெஷ்டெஸ்க் பிறந்தது. 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் அது இடம்பெற்றது. பங்கு வைத்திருந்த ஊழியர்களில் ஐந்நூறு பேருக்கு மேல் கோடீஸ்வரர்கள் ஆனார்கள் என்று அப்போது எல்லாப் பத்திரிகைகளும் எழுதின.

இரண்டிலும் புதுமையைத் தூண்டியது ஒருவருடைய மறுப்போ, முணுமுணுப்போ, கோபமோதான். அந்தக் கோபம் காதில் விழுகிற இடத்தில் ஒருவர் இருந்தார். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருகிறேன்.

அதற்கு முன் ஒரு கேள்வி. இந்த நிறுவனங்களுக்கு ஆயிரக்கணக்கில் ஆள் எங்கிருந்து வந்தார்கள்? தமிழ்நாட்டில் பொறியியல் நுழைவுத் தேர்வு இருந்தபோது, தனிப்பயிற்சிக்குப் பணம் கட்ட முடிந்தவர்கள்தான் பெரும்பாலும் உள்ளே போனார்கள். 2006இல் சட்டம் போட்டு அதை நீக்கினார்கள். 2010இல் முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குக் கல்விக் கட்டணச் சலுகை வந்தது. அந்த வருடம்தான் நான் கலந்தாய்வுக்குப் போனேன். எங்கள் தெருவிலிருந்து முதல் ஆள். ஆதிதிராவிடர் நல விடுதியில் தங்கிப் படித்தவள், ஒதுக்கீட்டில் இடம் பெற்றவள், அரசு கட்டிய கட்டணத்தில் பட்டம் வாங்கியவள். இதைச் சொல்ல எனக்குப் பதினொரு வருடம் ஆனது, அது ஏன் என்று பிறகு சொல்கிறேன். சென்னையிலிருந்து உலகத்துக்கு மென்பொருள் போகிறது என்றால் அதற்கு அடியில் சத்துணவு இருக்கிறது, விடுதி இருக்கிறது, இலவசப் பேருந்துப் பயண அட்டை இருக்கிறது. நிறுவனர்களின் வரலாற்றில் இவற்றுக்கு ஒரு வரிகூடக் கிடைப்பதில்லை.

இங்கே நம் மலைக்கு வருவோம். தொழில்நுட்பம் கடல் கடந்து போவது புதுமைக்காகத்தான் என்று நினைப்பவர்களுக்குக் கொடைக்கானலிலேயே ஒரு பாடம் இருக்கிறது. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுன் என்ற ஊரில் பாதரச வெப்பமானி செய்யும் ஆலை இருந்தது. செஸ்பரோ பாண்ட்ஸ் நிறுவனம் அதை மூடி, எந்திரங்களோடு 1983-84இல் கொடைக்கானலுக்குக் கொண்டுவந்தது. பிறகு அது இந்துஸ்தான் லீவர் கைக்குப் போனது. இங்கே செய்த வெப்பமானிகள் இங்குள்ளவர்களுக்கு அல்ல, வெளிநாட்டுக்கு ஏற்றுமதி. புதுக் கருவி எதுவும் இங்கே கண்டுபிடிக்கப்படவில்லை. பாதரசம் நஞ்சு என்று மேலை நாடுகளில் பேச்சு வலுத்துக்கொண்டிருந்த காலத்தில், பழைய தொழில்நுட்பம் தன் நஞ்சோடு இடம் பெயர்ந்தது. வேலை செய்தவர்கள் உள்ளூர்ப் பிள்ளைகள்.

2001 மார்ச்சில் மூஞ்சிக்கல் பழைய இரும்புக் கடையில் பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு குவிந்து கிடந்ததை மக்களும் சூழலியலாளர்களும் வெளியே கொண்டுவந்தார்கள். ஆலை நின்றது. 2003இல் கழிவின் ஒரு பகுதி கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பிப் போனது. நம் மலையிலிருந்து வெளிநாடு போனவற்றில் அதுவும் ஒன்று. முன்னாள் தொழிலாளர்கள் பதினைந்து வருடம் போராடினார்கள். 2015இல் சோபியா அஷ்ரப் பாடிய பாட்டு உலகமெல்லாம் பரவிய பிறகு, 2016இல் 591 தொழிலாளர்களோடு நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்தது. வாட்டர்டவுனில் 'முடியாது' என்று சொல்ல வாய்ப்பிருந்தது, இங்கே சொல்ல ஆளில்லை என்று நினைத்தார்கள். அந்தக் கணக்குதான் அந்த ஆலையை இங்கே கொண்டுவந்தது என்று நான் நினைக்கிறேன்.

இப்போது பூண்டுக்கு வருகிறேன். அம்மாக்கள் சிரிக்கிறீர்கள். நம் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது, பெருமைதான். ஆனால் விதைப்பூண்டைப் பல் பல்லாக உடைப்பது யார்? ஊன்றுவது, களையெடுப்பது, பிடுங்குவது, தாளோடு கட்டுவது, மேட்டிலிருந்து சாலை வரை தலையில் சுமப்பது யார்? எட்டாம் வகுப்பு விடுமுறையில் அம்மாவோடு பூண்டு உடைக்கப் போனேன். மூன்றாம் நாள் விரல் நுனியெல்லாம் எரிந்து தோல் உரிந்தது. தோட்டத்துக்காரரிடம், "ஐயா, இதுக்கு எந்திரம் கிடையாதா?" என்று கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. சிரித்துக்கொண்டே சொன்னார்: "நீங்கதான் இருக்கீங்களே, எந்திரம் எதுக்கு?"

பொறியியல் கல்லூரியில் நான்கு வருடம் படித்தேன். புதுமை ஏன் வருகிறது, ஏன் வராமல் போகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை எந்தப் பேராசிரியரும் சொல்லவில்லை.

பெரிய உதாரணம் பார்ப்போம். இந்தியாவின் மங்கள்யான் 2014 செப்டம்பரில் செவ்வாயைச் சுற்றத் தொடங்கியது. முதல் முயற்சியிலேயே வெற்றி. அதே 2014இல்தான், சாக்கடைக் குழியில் இறங்கிச் செத்தவர்கள் குடும்பத்துக்குப் பத்து லட்சம் கொடு என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் சட்டம் 1993இலேயே வந்துவிட்டது, 2013இல் இன்னொரு சட்டமும் வந்தது. ஆனால் குழிக்குள் இறங்கும் எந்திரம்? 2015இல் கோழிக்கோட்டில் இரண்டு தொழிலாளர்கள் குழிக்குள் மயங்கி விழ, காப்பாற்றப் போன நௌஷாத் என்ற ஆட்டோ ஓட்டுநரும் சேர்ந்து மூன்று பேர் இறந்தார்கள். கேரளத்தைச் சேர்ந்த நான்கு இளம் பொறியாளர்கள் அதற்குப் பிறகுதான் பாண்டிகூட் என்ற எந்திரத்தைச் செய்யத் தொடங்கினார்கள். 2018இல் திருவனந்தபுரத்தில் அது வேலைக்கு வந்தது. செவ்வாய்க்கு நான்கு வருடம் கழித்து, தெருமுனைக் குழிக்கு!

நான்கு பேர் சில வருடத்தில் செய்ய முடிந்ததை, இத்தனை ஐ.ஐ.டி.க்கள் இருக்கிற நாடு ஐம்பது வருடமாக ஏன் செய்யவில்லை? மூளை இல்லாமலா? குழிக்குள் இறங்க ஒரு சாதி இருந்தது. இறங்க ஆள் இருக்கும்வரை எந்திரம் வீண் செலவு. அம்பேத்கர் 1936இல் சாதி ஒழிப்பு உரையில் வைத்த வாதத்தின் சாரம் இதுதான். சாதி வேலையைப் பிரிப்பதோடு நிற்பதில்லை, வேலை செய்கிற மனிதர்களையே மேல் கீழாக அடுக்கி, ஒருவர் இடத்துக்கு இன்னொருவர் போகாமல் அடைத்து வைக்கிறது. அதை நான் ஒரு பொறியாளராக இப்படிப் புரிந்துகொள்கிறேன். வேலை தெரிந்தவர் கையில் வரைபடம் இல்லை, வரைபடம் வைத்திருப்பவர் அந்த வேலையைத் தொட்டதே இல்லை. இருவருக்கும் நடுவில் ஒரு சுவர். புதுமை எந்தப் பக்கமிருந்து வரும்?

இனி என் கதை. நிறுவனத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை, அவசியமும் இல்லை. கிடங்குகளில் இருக்கும் சரக்கைக் கணக்கெடுக்கும் கைப்பேசிச் செயலியைச் செய்துகொண்டிருந்தோம். வாடிக்கையாளர்கள் எல்லாம் வெளிநாடு. ஒரு கூட்டத்தில் சொன்னேன்: இணையத் தொடர்பு அறுந்தாலும் செயலி வேலை செய்ய வேண்டும், கணக்கைக் கைப்பேசியிலேயே எழுதி வைத்துக்கொண்டு, தொடர்பு வரும்போது அனுப்ப வேண்டும். எனக்கு இது எப்படித் தோன்றியது? கிளாவரையில் சிக்னல் எங்கே கிடைக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அப்பாவிடம் பேசப் பாறைமேல் ஏற வேண்டும், மழை பிடித்தால் அதுவும் கிடையாது. சொல்ல வேண்டியதை எல்லாம் மனதில் அடுக்கி வைத்து, சிக்னல் கிடைத்த இரண்டு நிமிடத்தில் கொட்டுவோம் இல்லையா, அதைத்தான் நிரலில் எழுதலாம் என்றேன்.

மேலாளர் கேட்டார், "இந்தக் காலத்துல நெட் இல்லாத கிடங்கு எங்கம்மா இருக்கு?" எல்லோரும் சிரித்தார்கள். அவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தக் குழுவில் சேர்ந்த முதல் வாரமே என்னிடம் அவர் கேட்டிருந்த கேள்விகள் வரிசையாக இருந்தன. சொந்த ஊர் எது? கொடைக்கானல் என்றேன். கொடைக்கானலில் எங்கே? அப்பா என்ன செய்கிறார்? சைவமா அசைவமா? கட் ஆஃப் எவ்வளவு? இந்தக் கேள்விகளின் விடை ஒரே ஒரு சொல் என்பது கேட்பவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் கொடைக்கானல் என்பதோடு நிறுத்திக்கொண்டேன். அதற்குப் பிறகு நான் பேசினால் அறையில் கவனம் கொஞ்சம் குறையும். அதை நிரூபிக்க முடியாது, உணர மட்டும் முடியும்.

எட்டு மாதம் கழித்து வட கனடாவில் ஒரு வாடிக்கையாளர் ஒப்பந்தத்தை முறிப்பேன் என்றார். அவருடைய கிடங்கில் பனிக்காலத்தில் தொடர்பு அறுந்துபோகிறது. அடுத்த வாரம் அதே யோசனை, வேறொருவர் பெயரில், அழகான படங்களோடு கூட்டத்துக்கு வந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். கிளாவரையில் சிக்னல் இல்லை என்பது குறைபாடு, கனடாவில் சிக்னல் இல்லை என்பது சந்தை! அந்த எட்டு மாதத்தில் அந்த நிறுவனம் எவ்வளவு இழந்தது என்று யாரும் கணக்குப் போடவில்லை. எனக்குப் போட ஆசை உண்டு.

இதைச் சொன்னால், "அதெல்லாம் இந்தியாவில்தான், அமெரிக்கா போனால் சாதி கிடையாது" என்பார்கள். 2020 ஜூன் 30 அன்று கலிபோர்னியா மாநிலத்தின் உரிமைத் துறை சிஸ்கோ நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டது. ஒரு தலித் பொறியாளர், தான் ஐ.ஐ.டி.யில் ஒதுக்கீட்டில் படித்தவர் என்பதை மேலாளர் சக ஊழியர்களிடம் சொல்லிவிட்டார் என்றும், புகார் செய்த பிறகு தான் ஓரங்கட்டப்பட்டதாகவும் சொன்னார். சாதிப் பாகுபாடு சட்டவிரோதமே அல்ல என்று நிறுவனத்தின் மனிதவளப் பிரிவு சொன்னதாக வழக்கு மனு கூறியது. சிஸ்கோ மறுத்தது. 2023 ஏப்ரலில் இரண்டு மேலாளர்கள் மீதான வழக்கை அரசுத் துறையே திரும்பப் பெற்றது, நிறுவனத்தின் மீதான வழக்கு தொடர்ந்தது. நீதிமன்றம் என்ன சொல்லும் என்பதை நாம் முந்திக்கொண்டு சொல்ல வேண்டாம். ஆனால் அந்த ஒரு வழக்கு பூட்டைத் திறந்துவிட்டது. அந்த ஆண்டே முப்பது தலித் பெண் பொறியாளர்கள், பெயர் சொல்ல முடியாத நிலையிலும், தங்களுக்கு நடந்ததைக் கூட்டறிக்கையாக வெளியிட்டார்கள். ஆப்பிள் தன் ஊழியர் விதிகளில் சாதி என்ற சொல்லைச் சேர்த்தது. 2022இல் கூகுளில் தேன்மொழி சௌந்தரராஜன் சாதி பற்றிப் பேசவிருந்த உரை ரத்தானது, அதை ஏற்பாடு செய்த தனுஜா குப்தா வேலையை விட்டார். 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகர மன்றம், க்‌ஷமா சாவந்த் கொண்டுவந்த தீர்மானத்தின் வழியாக, சாதிப் பாகுபாட்டைத் தடை செய்த முதல் அமெரிக்க நகரமானது. அதே ஆண்டு கலிபோர்னியா சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவில் ஆளுநர் கையெழுத்துப் போட மறுத்தார்.

தகுதி மட்டும்தான் விமானம் ஏறியது என்றால் இத்தனையும் எதற்கு?

தங்கை கேட்ட கேள்விக்கு வருகிறேன். "நமக்கு அது வருமா?" வரும் என்று மேடையில் சொல்வது எளிது. நான் சொல்வது வேறு. உனக்கு ஏற்கெனவே வந்துவிட்டது. எங்கே தொடர்பு அறும், எங்கே சுமை இறக்கி வைக்கலாம், எந்த வேலையில் விரல் எரியும் என்பது உனக்குத் தெரியும். வெளிநாட்டில் ஒரு பொருளை விற்க நினைக்கிற நிறுவனத்துக்கு அந்த அறிவு காசு. அதை அவர்கள் கேட்பார்களா என்பதுதான் சிக்கல், அந்தச் சிக்கல் உன் மூளையில் இல்லை.

இன்னொரு கேள்வியையும் அவள் தயங்கித் தயங்கிக் கேட்டாள். வேலைக்குப் போனால் சாதியைச் சொல்ல வேண்டுமா, மறைக்க வேண்டுமா? நான் பதினொரு வருடம் மறைத்தேன். என்னைக் குற்றம் சொல்ல மாட்டேன், மறைக்கிற எவரையும் குற்றம் சொல்ல மாட்டேன். வாடகை கட்ட வேண்டும், தம்பியைப் படிக்க வைக்க வேண்டும், தனியாளாக நின்று வீரம் காட்ட முடியாது. போன வருடம் ஒரு கூட்டத்தில் புதிதாக வந்த பையனிடம் யாரோ கட் ஆஃப் கேட்டார்கள். அவன் முகம் போன போக்கைப் பார்த்ததும், "எனக்கு ஒதுக்கீட்டுல கிடைச்சது, விடுதியில தங்கிப் படிச்சேன், கிளாவரை. அடுத்த விஷயத்துக்குப் போலாமா?" என்று சொல்லிவிட்டேன். கை நடுங்கியது. கூட்டம் அடுத்த விஷயத்துக்குப் போனது. மாலையில் இரண்டு பேர் தனித்தனியாக வந்து, "அக்கா, நானும்தான்" என்றார்கள். இப்போது நாங்கள் ஆறு பேர். வாரம் ஒருநாள் சேர்ந்து சாப்பிடுகிறோம், யாருடைய யோசனை யார் பெயரில் போகிறது என்று தேதி போட்டுக் குறித்து வைக்கிறோம். அதனால்தான் தனியாகப் போகாதே என்கிறேன். போகிற இடத்தில் முதலில் ஆளைத் தேடு, அப்புறம் முடிவெடு.

நேரமாகிவிட்டது, மன்னவனூர்ப் பிள்ளைகள் கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டும். கேள்விகளுக்கு வரலாம். பூண்டு என்று சொன்னதும் பின்னால் ஒரு பெரியம்மா கையைத் தூக்கினார், நான் பார்த்துவிட்டுத்தான் பேசிக்கொண்டே போனேன், மன்னிக்கணும். முதலில் நீங்கள் சொல்லுங்கள் பெரியம்மா. அந்த எந்திரம் எப்படி இருந்தால் உங்கள் கைக்குத் தோதாக இருக்கும்? தம்பி, ஒலிவாங்கியை அங்கே கொடு.